மெல்லிய ஃபில்ம்ல இருந்து ஹை ஹார்மோனிக் எடுக்கறது எப்படி? புதுசா லேப்புக்குள்ள வர்றவங்களுக்கு

ஹை ஹார்மோனிக்னா, பலமான லேசரை ஒரு பொருள்ல விட்டா அதோட ஃப்ரீக்வென்சியைப் போல பல மடங்குல வெளிய வர்ற ஒளி; ஒன்பதாவதுன்னா ஃப்ரீக்வென்சி ஒன்பது மடங்கு, வேவ்லெங்த் ஒன்பதுல ஒரு பங்கு. முதல்லயே என் மானம் போன கதையை சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கட்டுரை முழுக்க அதை சுத்தித்தான் வரப்போகுது. லேப்ல சேர்ந்து மூணாவது மாசம், ஜிங்க் ஆக்சைடு ஃபில்ம் மேல 3.4 மைக்ரான் லேசரை ஃபோக்கஸ் பண்ணி ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்த்தா 379 நானோமீட்டர் பக்கத்துல அழகா ஒரு பீக் நிக்குது. 3400-ஐ 9-ஆல வகுத்தா 378. அவ்ளோதான், ஒன்பதாவது ஹார்மோனிக் வந்துடுச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு க்ரூப்ல போட்டோவோட போட்டுட்டேன், ஹார்ட்டா வந்து குவிஞ்சுது. மறுநாள் காலைல சீனியர் அக்கா வந்து ஒண்ணுமே பேசாம லேசரை 3.2 மைக்ரானுக்கு மாத்துனாங்க. ஒன்பதாவது ஹார்மோனிக்னா 356-க்கு நகரணும். பீக் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்ல. ஜிங்க் ஆக்சைடு தன்னோட எக்சைட்டான் ஒளியை (எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலி இடமான ஹோலும் ஜோடியா இருந்து சேரும்போது வர்றது) அதே 380 பக்கத்துலதான் விடும், நான் பார்த்தது வெறும் லூமினசென்ஸ், அதாவது பொருள் தானா விடற ஒளி.

ஒளி வர வைக்கறது இந்த வேலைல பாதிதான், வந்த ஒளி எங்க இருந்து வந்துச்சுன்னு நிரூபிக்கறது மீதிப் பாதி, அந்த மீதிக்குத்தான் நிறைய நாள் போகும். அதனால இங்க சொல்றதுல பாதிக்கு மேல சந்தேகப்படறது எப்படின்னுதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இது என்ன விஷயம், சுருக்கமா

ஊர்ல கோயில் திருவிழாவுக்கு கட்டற குழாய் ஸ்பீக்கர் கேட்டிருப்பீங்க. ஆம்ப்ளிஃபையரை அளவோட வெச்சா பாட்டு பாட்டா இருக்கும், முழுசா திருகி விட்டா கரகரன்னு ஒரு சத்தம் சேரும். உள்ள போன அலையோட தலையும் காலும் நறுக்கப்பட்டுடுது, நறுக்குன அலைக்குள்ள மூணு மடங்கு அஞ்சு மடங்கு ஃப்ரீக்வென்சி எல்லாம் புதுசா பொறந்துடுது. தலையும் காலும் சமமா வெட்டுப்பட்டா ஒத்தைப்படை மடங்கு மட்டும் வரும், ஒரு பக்கம் அதிகமா வெட்டுப்பட்டா ரெட்டைப்படையும் வரும். இந்த ஒத்தை ரெட்டை விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி படிகத்தோட சிமெட்ரி பத்தி பேசும்போது அப்படியே திரும்பி வரும்.

ஒளில இதை முதல்ல பண்ணிக் காட்டுனது 1961-ல, மிச்சிகன் யூனிவர்சிட்டில ஃபிராங்கன் குழு. ரூபி லேசரோட 694 நானோமீட்டரை குவார்ட்ஸ்ல விட்டு 347 எடுத்தாங்க. அந்த பேப்பர் அச்சுல வந்தப்ப, ஃபோட்டோ ப்ளேட்ல இருந்த அந்த 347 புள்ளியை ஏதோ தூசின்னு நினைச்சு அழிச்சுட்டாங்கன்னு ஒரு பிரபலமான கதை உண்டு, படத்துல அம்புக்குறி இருக்கும், அது காட்டற இடத்துல ஒண்ணும் இருக்காது. அவங்க நிஜ சிக்னல் தூசின்னு போயிடுச்சு, நான் தூசியை சிக்னல்னு போட்டேன், கணக்கு சரியாப் போச்சு.

1988-ல பிரான்ஸ்ல சாக்லே ஆராய்ச்சி மையத்துல ஆன் லூயிலியே இருந்த குழு ஆர்கான் வாயுல 1064 நானோமீட்டரை விட்டு 33-வது ஹார்மோனிக் வரைக்கும் பார்த்தாங்க. அந்த வழிலதான் அட்டோசெகண்ட் பல்ஸ் வந்து, 2023-ல லூயிலியே, பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் கிராஸ் மூணு பேருக்கும் நோபல் வந்துச்சு. நம்ம விஷயமான திடப்பொருளுக்கு 2011-ஐ சொல்லணும், ஸ்டான்ஃபோர்ட்ல ஷம்பு கிமிரே, டேவிட் ரைஸ் குழு அரை மில்லிமீட்டர் தடிமன் ஜிங்க் ஆக்சைடு படிகத்துல 3.25 மைக்ரான் லேசரை விட்டு 25-வது வரைக்கும் எடுத்தாங்க. வாயுல கட்ஆஃப் (ஹார்மோனிக் எட்டற உச்ச எனர்ஜி) இன்டென்சிட்டிக்கு ஏத்தபடி ஏறும், இங்க எலக்ட்ரிக் ஃபீல்டுக்கு ஏத்தபடி ஏறுச்சு, அதுலயே உள்ள நடக்கற இயக்கம் வேறன்னு தெரிஞ்சுபோச்சு.

உள்ள என்னதான் நடக்குது? லேசர் ஃபீல்டு வேலன்ஸ் பேண்ட்ல (எலக்ட்ரான் நிறைஞ்ச எனர்ஜி அடுக்கு) இருக்கற எலக்ட்ரானை கண்டக்‌ஷன் பேண்டுக்கு தூக்குது, அங்க அதை இழுத்து இழுத்து ஆட்டுது. பேண்டு நேரா இல்லாம வளைஞ்சு இருக்கறதால எலக்ட்ரானோட வேகம் ஃபீல்டு மாதிரியே சைன் அலையா இருக்காது, அது ஒரு வகை ஹார்மோனிக். எலக்ட்ரானும் ஹோலும் திரும்ப சேரும்போது வர்றது இன்னொரு வகை, பேண்ட்கேப்புக்கு (இந்த ரெண்டு பேண்டுக்கும் நடுவுல இருக்கற எனர்ஜி இடைவெளி) மேல இருக்கற ஹார்மோனிக்குக்கு பெரும்பாலும் இந்த ரெண்டாவதுதான் காரணம்னு சொல்வாங்க. முதல் மாசத்துக்கு இவ்ளோ போதும்.

ஏன் மெல்லிய ஃபில்ம்?

தடியான படிகத்துல சிக்னல் வரும், என்ன அர்த்தம்னு மட்டும் தெரியாது. மூணு தொல்லை. ஒண்ணு, பேண்ட்கேப்புக்கு மேல இருக்கற ஹார்மோனிக்கை படிகமே முழுங்கிடும், ஜிங்க் ஆக்சைடுல 100 நானோமீட்டர் தாண்டறதுக்குள்ள பெரும்பகுதி காலி, அதனால அரை மில்லிமீட்டர் படிகம் வெச்சாலும் கடைசி 100 நானோமீட்டர்ல இருந்து வர்றதுதான் வெளிய தெரியும். ரெண்டு, அந்தக் கடைசி 100-க்கு வந்து சேர்றதுக்குள்ள லேசர் பல்ஸே உருமாறிப் போயிருக்கும், நீங்க வெளிய அளந்த இன்டென்சிட்டிக்கும் அங்க இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்காது. மூணு, லேசரும் ஹார்மோனிக்கும் படிகத்துக்குள்ள வேற வேற வேகத்துல போகும், ஊஞ்சலை தப்பான நேரத்துல தள்ளுன மாதிரி முன்னாடி பொறந்ததும் பின்னாடி பொறந்ததும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். 3.2 மைக்ரான்ல ஏழாவது ஹார்மோனிக்குக்கு இந்த அடிச்சுக்கற தூரம் ஜிங்க் ஆக்சைடுல சுமாரா ஒரு மைக்ரான். ஃபில்ம் 200 நானோமீட்டர்னா மூணு தொல்லையுமே சின்னதாயிடும். ரொம்ப மெல்லிசா போனாலும் வேலை நடக்கும், 2017-ல கியோட்டோ குழு ஒரே ஒரு அணு தடிமன் கிராஃபீன்ல ஒன்பதாவது வரைக்கும் எடுத்துட்டாங்க, அதே வருஷம் மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை அடுக்குலயும் வந்துச்சு. ஆனா முதல் சாம்பிளா அதையெல்லாம் தொடாதீங்க, சிக்னல் கம்மி, கருகிடுச்சான்னு பார்க்கவும் கஷ்டம்.

ஸ்டெப் 1: கண்ணு

3.2 மைக்ரானை ரெட்டினா பக்கம் போக விடாம கார்னியாவே உறிஞ்சிடும், அதனால சில பேர் "கண்ணுக்கு சேஃப்"னு சொல்வாங்க, நம்பாதீங்க, கார்னியா எரிஞ்சாலும் கண்ணு கண்ணுதான். அதை விட ஆபத்து அந்த 3.2-ஐ உருவாக்கற லேசர். எங்க லேப்ல 1030 நானோமீட்டர் யிட்டர்பியம் லேசர் ஒரு பாராமெட்ரிக் ஆம்ப்ளிஃபையருக்குள்ள (ஒரு ஃபோட்டானை ரெண்டா பிரிக்கற கருவி) போய் 1519 நானோமீட்டராவும் 3.2 மைக்ரானாவும் பிரியும். இதுல 1030 கண்ணுக்கு தெரியாது, ஆனா நேரா ரெட்டினாக்கு போகும். லேசர் பாதுகாப்பு கண்ணாடி வாங்கும்போது மூணு வேவ்லெங்த்துக்கும் சேர்த்து மேல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க. மோதிரம், வளையல், வாட்ச் கழட்டி வெச்சுடுங்க, குனிஞ்சு பீம் உயரத்துக்கு தலையை கொண்டு போகாதீங்க. நீல புள்ளி தெரியுதான்னு ஆசையா கண்ணாடியை தூக்கிப் பார்க்கற பழக்கம் எல்லாருக்கும் வரும், அதுக்கு ஒரு மலிவான வெப்கேம் வாங்கி சாம்பிளைப் பார்க்கற மாதிரி மாட்டி விடுங்க.

ஸ்டெப் 2: ஃபில்ம் தேர்வு

சி-ப்ளேன் சஃபையர் (படிகத்தோட முக்கிய அச்சான சி-அச்சு மேற்பரப்புக்கு செங்குத்தா நிக்கற வெட்டு, சி-கட்னும் சொல்வாங்க) மேல வளர்த்த ஜிங்க் ஆக்சைடுதான் என் சிபாரிசு. பேண்ட்கேப் அறை வெப்பத்துல சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். 3.2 மைக்ரான் ஃபோட்டான் 0.387 எலக்ட்ரான் வோல்ட் (1.24-ஐ மைக்ரான்ல வகுத்தா கிடைக்கும், இந்தக் கணக்கை தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்). மூணாவது 1067 நானோமீட்டர், அஞ்சாவது 640, ஏழாவது 457, ஒன்பதாவது 356, பதினொண்ணாவது 291, பதிமூணாவது 246. ஏழாவது வரைக்கும் கேப்புக்கு கீழ, ஒன்பதுல இருந்து மேல, ஒரே ஸ்பெக்ட்ரத்துல ரெண்டு உலகத்தையும் பார்க்கலாம். 3.4 ஏன் வேண்டாம்னு உங்களுக்கு தெரியும்.

தடிமன் 100-ல இருந்து 300 நானோமீட்டருக்குள்ள. பல்ஸ்டு லேசர் டெபாசிஷன்ல வளர்த்தாலும் சரி, ஸ்பட்டரிங்னாலும் சரி, கையில வாங்குனதும் மூணு விஷயம் செக் பண்ணுங்க: எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்ல சி-அச்சு நேரா நிக்குதா, எலிப்சோமெட்ரில தடிமன் சொன்ன மாதிரி இருக்கா, யூவி-விசிபிள் அப்சார்ப்ஷன்ல விளிம்பு எங்க விழுது. கூடவே ஃபில்ம் இல்லாத வெறும் சஃபையர், அதே பேட்ச்ல இருந்து, கண்டிப்பா கேட்டு வாங்குங்க. இதை நான் மறந்தேன், ரெண்டு வாரம் போச்சு.

சஃபையர் அரை மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். சி-கட் கேட்கறதுக்கு காரணம், அச்சு வழியா போனா பைரிஃப்ரின்ஜென்ஸ் (போலரைசேஷனுக்கு ஏத்தபடி ஒளியோட வேகம் மாறறது) இல்ல, போலரைசேஷன் கெடாது. மத்த கட்னா லீனியரா உள்ள போனது எலிப்டிக்கலா வெளிய வரும், நீங்க ஃபில்மை திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

ஃபில்ம் எந்தப் பக்கம் பார்க்கணும்? ட்ரான்ஸ்மிஷன்ல பண்றீங்கன்னா லேசர் முதல்ல சஃபையர்ல நுழைஞ்சு கடைசியா ஃபில்ம் வழியா வெளிய வரணும். ஹார்மோனிக் பொறந்ததும் நேரா காத்துக்கு வந்துடும், சஃபையர்ல பொறந்த குப்பைல கேப்புக்கு மேல இருக்கறதை ஃபில்மே வடிகட்டிடும். எந்தப் பக்கம் ஃபில்ம்னு சந்தேகம் வந்தா ஓரத்துல ஊசியால லேசா கீறிப் பாருங்க, சஃபையர்ல கீறல் விழாது. சப்ஸ்ட்ரேட் ஒளி புகாத வகைன்னா ரிஃப்ளெக்‌ஷன்லதான் எடுக்கணும், அதுல ஒரு லாபமும் உண்டு, லேசர் எந்தப் பொருளுக்குள்ளயும் போகாமலே முதல் மேற்பரப்புல வேலை முடிஞ்சுடும்.

ஸ்டெப் 3: உள்ள போற பீமை சுத்தம் பண்ணுங்க

பாராமெட்ரிக் ஆம்ப்ளிஃபையர்ல இருந்து வர்றது 3.2 மட்டும் இல்ல. மிச்சம் மீதி 1030, 1519, அது ரெண்டும் கலந்து உண்டான சிவப்பு பச்சை எல்லாம் கூடவே வரும். உங்க ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்க்கற இடத்துலயே இதெல்லாம் விழும். சாம்பிளுக்கு முன்னாடி ஒரு ஜெர்மேனியம் ஜன்னல் வைங்க, அது சுமாரா 1.9 மைக்ரானுக்கு கீழ எல்லாத்தையும் தின்னுடும். சிலிக்கான் ஜன்னல் மலிவா கிடைக்குதேன்னு போட்டா 1519 அப்படியே தாண்டி வந்துடும், அது பத்தாது.

ஜெர்மேனியத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. அதோட கேப் 0.66 எலக்ட்ரான் வோல்ட், ரெண்டு 3.2 மைக்ரான் ஃபோட்டான் சேர்ந்தா 0.77, அப்ப ஜெர்மேனியமே ரெண்டு ரெண்டா ஃபோட்டானை முழுங்க ஆரம்பிக்கும். அதனால ஃபோக்கஸ் பண்ற லென்ஸுக்கு ரொம்ப முன்னாடி, பீம் அகலமா இருக்கற இடத்துல வைங்க. பல்ஸையும் அது இழுத்து நீட்டிடும், அதுக்கு எதிர் திசைல டிஸ்பர்ஷன் (வேவ்லெங்த்துக்கு ஏத்தபடி ஒளியோட வேகம் மாறறது) இருக்கற சஃபையரோ கால்சியம் ஃப்ளோரைடோ ஒரு துண்டு சேர்த்து ஈடுகட்டணும், எவ்ளோன்னு பல்ஸ் அகலத்தை அளந்து அளந்துதான் கண்டுபிடிக்கணும், பேப்பர்ல போட்ட கணக்கு எனக்கு ஒரு தடவை கூட சரியா வந்ததில்ல.

பவரைக் கூட்டிக் குறைக்க ரெண்டு ஒயர்-கிரிட் போலரைசர் போதும், முதலாவதை சுத்துங்க, ரெண்டாவதை தொடாதீங்க. இல்லன்னா பவர் மாத்தும்போதெல்லாம் போலரைசேஷனும் சேர்ந்து மாறும்.

பீம் கண்ணுக்கு தெரியாதே, எப்படி அலைன் பண்றது? சூடு பட்டா கலர் மாறற லிக்விட் கிரிஸ்டல் ஷீட் ஒரு துண்டு கையில வெச்சுக்கோங்க. அப்புறம் ஒரு சிவப்பு ஹீலியம் நியான் லேசரை அதே பாதைல, ரெண்டு ஐரிஸ் வழியா ஏத்தி விடுங்க. ஜெர்மேனியத்தை சிவப்பு தாண்டாதுன்றது ஞாபகம் இருக்கட்டும், அதுக்கு அப்புறம்தான் ஹீலியம் நியானை சேர்க்கணும். இதைக் கூட யோசிக்காம அரை நாள் சிவப்பு எங்க போச்சுன்னு தேடுன ஆளை எனக்கு நல்லாவே தெரியும், தினமும் கண்ணாடில பார்க்கறேன்.

ஸ்டெப் 4: ஃபோக்கஸும் கணக்கும்

150 மில்லிமீட்டர் கால்சியம் ஃப்ளோரைடு லென்ஸ், அதுல விழற பீமோட ஆரம் 2.5 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க. வேவ்லெங்த்தை ஃபோக்கல் லெங்த்தால பெருக்கி, பை பெருக்கல் பீம் ஆரத்தால வகுத்தா ஃபோக்கஸ் ஆரம்: 61 மைக்ரான். அந்த இடத்துல பீம் குறுகியே இருக்கற தூரம் ரெண்டு பக்கமும் சுமாரா 3.6 மில்லிமீட்டர், ஃபில்ம் 200 நானோமீட்டர்தான், அதனால சாம்பிளை வைக்கறதுல பதட்டமே வேண்டாம்.

ஆனா 61-னு கணக்கு சொன்னதால 61 இருக்கும்னு அர்த்தம் இல்ல. ஒரு ஷேவிங் ப்ளேடை மைக்ரோமீட்டர் ஸ்டேஜ்ல மாட்டி பீமை குறுக்கால வெட்டி, பவர் 90 சதவீதத்துல இருந்து 10-க்கு இறங்க எவ்ளோ தூரம் ஆகுதுன்னு பாருங்க, அதை 1.28-ஆல வகுத்தா ஆரம். பவரை குறைச்சு வெச்சு பண்ணுங்க, ப்ளேடை எரிச்சுடாதீங்க.

அடுத்து இன்டென்சிட்டி. பல்ஸ் எனர்ஜி 5 மைக்ரோஜூல், பல்ஸ் நீளம் 100 ஃபெம்டோசெகண்ட், ஃபோக்கஸ் ஆரம் 60 மைக்ரான். பீக் பவர் (எனர்ஜியை பல்ஸ் நீளத்தால வகுத்து 0.94-ஆல பெருக்குனது) சுமார் 47 மெகாவாட், அதை ரெண்டால பெருக்கி ஃபோக்கஸ் வட்டத்தோட பரப்பால வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 0.83 டெராவாட். அந்த ரெண்டால பெருக்கறதை மறந்துடுவாங்க, மறந்தா உங்க நம்பர் பாதியா வரும், அப்புறம் மத்தவங்க பேப்பரோட ஒப்பிடும்போது முழிப்பீங்க. காத்துல எலக்ட்ரிக் ஃபீல்டு ஆங்ஸ்ட்ரமுக்கு 0.25 வோல்ட், உள்ள நுழைஞ்சதும் சுமாரா 0.17. இது எவ்ளோ பெருசுன்னு புரியணும்னா இப்படி பாருங்க, ஜிங்க் ஆக்சைடுல ஃபில்ம் தளத்துல யூனிட் செல் நீளம் 3.25 ஆங்ஸ்ட்ரம், ஒரே ஒரு செல்லைத் தாண்டறதுக்குள்ள எலக்ட்ரானுக்கு கிடைக்கற எனர்ஜி 0.55 எலக்ட்ரான் வோல்ட், அது லேசரோட ஒரு ஃபோட்டானையே மிஞ்சுது. ஸ்பீக்கர் கரகரக்கற இடம் இதுதான்.

இங்க நேரா 5 மைக்ரோஜூல்ல ஆரம்பிக்காதீங்க. பத்துல ஒரு பங்குல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க, ஒவ்வொரு படிலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி சிக்னல் நிலையா இருக்கா, மெல்ல சரியுதான்னு பாருங்க. சரிஞ்சா ஃபில்ம் கருக ஆரம்பிச்சுடுச்சு, சாம்பிளை கால் மில்லிமீட்டர் நகர்த்துங்க. எங்கெங்க சுட்டோம்னு நோட்டுல ஒரு மேப் வரைஞ்சு வைங்க, இல்லன்னா நாளைக்கு வந்து நேத்து கருக்குன இடத்துலயே திரும்ப அளப்பீங்க.

ஸ்டெப் 5: வர்றதைப் பிடிக்கறது

சாம்பிளுக்கு அப்புறம் லென்ஸ் போட்டா ஒவ்வொரு ஹார்மோனிக்கும் வேற வேற இடத்துல ஃபோக்கஸ் ஆகும், அஞ்சாவதுக்கு அட்ஜஸ்ட் பண்ணா ஒன்பதாவது ஸ்பெக்ட்ரோமீட்டர் ஸ்லிட்டை விட்டு வெளிய போயிடும், அப்புறம் அஞ்சாவதுதான் பலம்னு தப்பா எழுதுவீங்க. யூவி-க்கு ஏத்த அலுமினியம் பூச்சு இருக்கற வளைவு மிரர் போடுங்க, அதுக்கு கலர் பேதம் கிடையாது. ஃபைபர்னா யூவி தாங்கற வகையா இருக்கணும். சாதா கண்ணாடி லென்ஸ் 350-க்கு கீழ கையை விரிச்சுடும்.

சிலிக்கான் டிடெக்டர் 3.2 மைக்ரானை பார்க்காது, நல்லது. ஆனா 1067-ல வர்ற மூணாவது ஹார்மோனிக் அதோட ஓரத்துல விழும், மத்ததை விட பல மடங்கு பலமா, உள்ள சிதறி மத்த இடத்தையும் கெடுக்கும். ஒரு ஷார்ட்-பாஸ் ஃபில்டர் போட்டு அதை வெட்டுங்க. வேவ்லெங்த் அளவுக்கு மெர்க்குரி விளக்கு வெச்சு 253.65, 365.02, 404.66, 435.83, 546.07 கோடுகள் சரியா விழுதான்னு மாசம் ஒரு தடவையாவது பாருங்க.

ஸ்டெப் 6: வந்தது அதுதானா?

பீக் வந்துடுச்சு. க்ரூப்ல போடாதீங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க.

முதல் டெஸ்ட், லேசர் வேவ்லெங்த்தை மாத்துங்க. 3.2-ல இருந்து 3.1-க்கு போனா ஒன்பதாவது 356-ல இருந்து 344-க்கு, ஏழாவது 457-ல இருந்து 443-க்கு வரணும். எது கூடவே வருதோ அது ஹார்மோனிக், எது ஊர் எல்லைக் கல்லு மாதிரி நிக்குதோ அது லூமினசென்ஸ். ஜிங்க் ஆக்சைடுல 380 பக்கத்துல எக்சைட்டான் இருக்கும், பச்சைப் பக்கம் பரவலா குறைபாடுகளோட ஒளியும் வரலாம். அதுங்களையும் அளந்து வைங்க, எவ்ளோ கேரியர் (எலக்ட்ரான், ஹோல்) மேல ஏறியிருக்குன்னு அது ஒரு குறிப்பு சொல்லும், எதிரியா நினைக்க வேண்டாம்.

ரெண்டாவது, வெறும் சஃபையர். அதே இடம், அதே பவர். சஃபையரும் மூணாவது ஹார்மோனிக் நல்லாவே குடுக்கும், பவர் ஏத்துனா அஞ்சாவதும் எட்டிப் பார்க்கும். ஃபில்ம் சிக்னல்ல அதுக்கு எவ்ளோ பங்குன்னு தெரியாம அஞ்சாவதைப் பத்தி ஒரு வரி கூட எழுதாதீங்க. சாம்பிளையே எடுத்துட்டும் ஒரு தடவை அளங்க, லென்ஸும் காத்தும் தன் பங்குக்கு கொஞ்சம் மூணாவது போடும்.

மூணாவது, கிரேட்டிங் பண்ற குறும்பு. 356-ல இருக்கற ஒளி ரெண்டாம் வரிசை டிஃப்ராக்‌ஷன்ல 712-லயும் தெரியும். 712-ல பீக் பார்த்து இது என்ன புது ஹார்மோனிக்னு பேனா பேப்பரோட உக்காராதீங்க, 400-க்கு கீழ வெட்டற ஒரு ஃபில்டரை நடுவுல வைங்க, மறைஞ்சுடும்.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது, சிமெட்ரி. சி-அச்சு நிமிந்து நிக்கற ஃபில்மை மேல இருந்து பார்த்தா 180 டிகிரி சுத்துனாலும் ஒரே மாதிரி இருக்கும், அலையோட தலையும் காலும் சமமா வெட்டுப்படும், அதனால லேசர் நேர்குத்தா விழுந்தா ரெட்டைப்படை ஹார்மோனிக் வரக்கூடாது. 533-ல ஆறாவது தெரிஞ்சா சாம்பிள் சாய்ஞ்சிருக்கு, இல்ல ஃபில்ம்ல அச்சு ஒழுங்கா நிக்கல. சி-அச்சு ஃபில்ம் தளத்துலயே படுத்திருக்கற ஏ-ப்ளேன் ஃபில்ம் எடுத்து, ஃபீல்டை அச்சு வழியா வெச்சா ரெட்டைப்படையும் வரும், போலரைசேஷனை அச்சுக்கு குறுக்கா திருப்புனா லேசருக்கு இணையா போலரைஸ் ஆன ரெட்டைப்படை போயிடும், கையில இருந்தா கண்டிப்பா பண்ணிப் பாருங்க.

இதோட அடுத்த கட்டம், குவார்ட்டர்-வேவ் ப்ளேட் போட்டு லேசரை சர்க்குலரா மாத்தறது. ஆறு மடங்கு சிமெட்ரி இருக்கற தளத்துல சர்க்குலர் ஒளிக்கு ஆறின் மடங்குக்கு ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி இருக்கற வரிசைக்கு மட்டும்தான் அனுமதி: 5, 7, 11, 13. மூணுக்கும் ஒன்பதுக்கும் கதவு சாத்தியாச்சு. நல்ல படிகமா இருந்து, ப்ளேட்டும் சரியா இருந்தா ஒன்பதாவது பெருசா விழுந்துடும், 380 லூமினசென்ஸ் அந்த மாதிரி விழாது. ஒரே டெஸ்ட்ல நிஜமும் பொய்யும் பிரிஞ்சு நிக்கும். அன்னிக்கு எனக்கு இது தெரிஞ்சிருந்தா அந்த போட்டோ போட்டிருக்க மாட்டேன்.

ஸ்டெப் 7: பவர் கிராஃப்

ஒவ்வொரு ஹார்மோனிக்கோட பலத்தையும் இன்டென்சிட்டிக்கு எதிரா லாக்-லாக்ல போடுங்க. லேசர் பலம் கம்மியா இருக்கறப்ப அஞ்சாவது இன்டென்சிட்டியோட அஞ்சாம் அடுக்கா ஏறும், ஏழாவது ஏழாம் அடுக்கா, இது பழைய பாடப்புத்தக விதி. ஃபீல்டு பெருசானதும் கோடு சாய்ஞ்சு, ஏழாவதும் ஒன்பதாவதும் தன் நம்பரை விட ரொம்பக் குறைவான சரிவுல ஏறும். அந்த சாய்வுதான் நாம தேடி வந்த இடம். ஆனா ஃபில்ம் கருகினாலும் கோடு அதே மாதிரிதான் சாயும்! அதனால மேல ஏறும்போது ஒரு தடவை, கீழ இறங்கும்போது ஒரு தடவை அளங்க, ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாத்தான் அந்த கிராஃபுக்கு மதிப்பு. அடுத்த நாள் புது இடத்துல திரும்பவும் ஒரு தடவை.

போலரைசேஷனை சுத்தி எடுக்கற கோண கிராஃபும் இதே நேரத்துல எடுத்துடலாம், ஹாஃப்-வேவ் ப்ளேட் சுத்தறதை விட சாம்பிளை சுத்தறது மேல், ஏன்னா மிரருக்கும் கிரேட்டிங்குக்கும் தனித்தனி போலரைசேஷன் விருப்பம் உண்டு. சாம்பிளை சுத்தும்போது பீம் அதே புள்ளில இருக்கணும், இருக்காது, அதுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்க.

இன்னும் மேல போகணும்னா

பதினஞ்சாவது 213 நானோமீட்டர், காத்துலயே பார்த்துடலாம், டிடெக்டர் ஒத்துழைச்சா. பதினேழாவது 188. அங்க இருந்து காத்துல இருக்கற ஆக்சிஜன் குறுக்க நிக்கும், சாம்பிள்ல இருந்து டிடெக்டர் வரைக்கும் வேக்குவம் வேணும், ஜன்னலுக்கு கால்சியம் ஃப்ளோரைடோ மெக்னீசியம் ஃப்ளோரைடோ, அதுக்கும் கீழ போனா ஜன்னலே கிடையாது. 2015-ல ஜெர்மனில கார்ஷிங் குழு நூத்துச்சொச்சம் நானோமீட்டர் சிலிக்கா ஃபில்ம்ல 40 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் போனதெல்லாம் அப்படி வேக்குவத்துக்குள்ளதான். பம்ப், சேம்பர், கேஜ்னு அது வேற செலவு, வேற தலைவலி. பர்ச்சேஸ் ஃபைல் நகர்றதுக்குள்ள 3 முதல் 13 வரைக்கும் காத்துலயே நல்லா அளந்து முடிச்சுடுங்க, வெறும் சஃபையரோட டேட்டாவும் சேர்த்து.